எட்டுப் படங்களில் எதிலிருந்து தொடங்குவது? மிஷன்: இம்பாசிபிள் தொடருக்குள் நுழையும் வழிகள்

'மிஷன்: இம்பாசிபிள்' படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, எதை முதலில் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர என்னால் முடிவதில்லை. 1996 முதல் 2025 வரை எட்டுப் படங்கள். மொத்தமாக 18 மணி நேரத்துக்கு மேல் ஓடும். முதல் ஐந்து படங்களுக்கு ஐந்து வெவ்வேறு இயக்குநர்கள். ஐந்தாவது படத்தை எடுத்தவரே பிறகு எட்டாவது வரை தொடர்ந்தார். அதனால் முற்பாதியில் ஒரு படத்தின் சாயல் அடுத்ததில் இருக்காது. பொருந்தாத படத்தில் தொடங்குகிறவர், இதற்கா இத்தனை பேச்சு என்று அதோடு நிறுத்திவிடுவார். அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். இந்தத் தொடரை இவ்வளவு நேசிக்கிற எனக்கு அது உண்மையாகவே வருத்தம் தருகிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

ரசிகர்கள் பொதுவாகச் சொல்லும் வழிகள் நான்கு. வெளியான வரிசையில் முதலிலிருந்து பார்ப்பது ஒன்று. தொடரின் உச்சம் என்று பலரும் கொண்டாடும் ஆறாவது படமான 'ஃபால்அவுட்'டை எடுத்த எடுப்பிலேயே பார்ப்பது இன்னொன்று. முன்கதை அதிகம் தேவைப்படாத நான்காவது படமான 'கோஸ்ட் புரோட்டோகால்' வழியாக நுழைவது மூன்றாவது. கிறிஸ்டோபர் மெக்குவாரி இயக்கிய கடைசி நான்கு படங்களை மட்டும் ஒரே நீண்ட கதையாகப் பார்ப்பது நான்காவது. முதன்முறை பார்க்கப்போகிறவர்களுக்காக எழுதுவதால் முக்கியமான திருப்பம் எதையும் இங்கே போட்டு உடைக்கவில்லை. அஞ்சாமல் படிக்கலாம்.

எதை வைத்து முடிவு செய்வது

கதைச் சுருக்கங்களைப் படித்து முடிவெடுக்க நினைத்தால் ஒன்றும் பிடிபடாது. ஏனெனில் எட்டுக் கதைகளும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே கதைதான். உலகை அழிக்கக்கூடிய ஒரு பொருள் தவறான கைகளுக்குப் போகிறது. அதை மீட்க வேண்டியவர் டாம் குரூஸ் நடிக்கும் உளவாளி ஈதன் ஹன்ட். அவரை அவருடைய அரசாங்கமே நம்ப மறுக்கிறது. வேறொருவரின் முகத்தை அப்படியே தரும் முகமூடிகள் கழற்றப்படுகின்றன. கடிகாரம் ஓடுகிறது. அந்தப் பொருள் ஒரு படத்தில் உளவாளிகளின் பெயர்ப் பட்டியல், இன்னொன்றில் வைரஸ், வேறொன்றில் புளூட்டோனியம், கடைசி இரண்டில் செயற்கை நுண்ணறிவு. படம் முடிந்த மறுநாள் அது என்னவென்றே மறந்துபோகும். அதில் குறையும் இல்லை.

ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குச் சேர்ந்துகொண்டே போகும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, ஈதனைச் சுற்றியிருக்கும் சிலர் மீது நமக்கு வளரும் பாசம். லூதராக வரும் விங் ரேம்ஸ், டாம் குரூஸைத் தவிர எட்டுப் படங்களிலும் தலைகாட்டும் ஒரே நடிகர். பென்ஜியாக வரும் சைமன் பெக் மூன்றாவது படத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியராக அறிமுகமாகிறார். நான்காவதில் களத்துக்கு வருகிறார். அதற்குப் பிறகு அவர் இல்லாத குழுவை நினைத்துப் பார்க்க முடியாது. இரண்டாவது, திரையில் தெரியும் அந்த உடல். டாம் குரூஸுக்கு முதல் படம் வெளியானபோது 33 வயது, எட்டாவது வெளியானபோது 62. ஜேம்ஸ் பாண்ட் வேடத்தில் நடிகர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். பாத்திரத்துக்கு வயது ஏறவில்லை. அதனால் 1962 முதல் 2002 வரை வந்த இருபது பாண்ட் படங்களை எந்த வரிசையில் பார்த்தாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டோம். இங்கே ஒரே மனிதர், ஒரே முகம், 29 ஆண்டுகள். ஒவ்வொரு படத்திலும் தன் உடலை இன்னும் கொஞ்சம் அதிகமான ஆபத்தில் வைக்கிறார். நீங்கள் எடுக்கும் வழி இந்த இரண்டையும் எவ்வளவு காப்பாற்றித் தருகிறது என்பதே என் அளவுகோல்.

ஃபால்அவுட்டை முதலில் பார்க்கலாமா?

அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி இதுதான். நான் மிகக் கடுமையாக எதிர்ப்பதும் இதைத்தான். படத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. 2018-இல் வெளியான 'ஃபால்அவுட்' என் கணக்கில் இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆக்‌ஷன் படங்களுள் ஒன்று. பாரிஸ் மீது விமானத்திலிருந்து குதிக்கும் காட்சிக்காக டாம் குரூஸ் நூற்றுக்கும் மேற்பட்ட முறை வானிலிருந்து குதித்தார். அந்தி வெளிச்சம் சரியாக இருக்கும் சில நிமிடங்களில் எடுக்க வேண்டிய காட்சி என்பதால் ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புதான். இருட்டும் வெளிச்சமும் கலந்த அந்த நேரத்தில் நடிகரின் முகம் தெரிவதற்காகவே உள்ளே விளக்கு பொருத்திய தனித் தலைக்கவசம் செய்தார்கள். லண்டனில் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குத் தாவும்போது அவருடைய கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்தத் தாவல் அப்படியே படத்தில் இருக்கிறது. சுவரில் மோதி, மேலே ஏறி, நொண்டியபடி சட்டகத்தைக் கடந்து ஓடுகிறாரே, அந்த நொண்டல் நடிப்பில் வந்ததல்ல. இறுதிக் கட்ட ஹெலிகாப்டர் துரத்தலுக்காக அவர் ஹெலிகாப்டர் ஓட்டவே கற்றுக்கொண்டார். கதைப்படி காஷ்மீர், படமாக்கியது நியூசிலாந்தின் மலைகளில்.

இவ்வளவும் இருக்கும்போது ஏன் முதலில் பார்க்கக் கூடாது? ஏனென்றால் முந்தைய படங்கள் சேர்த்துவைத்த பாசத்தையெல்லாம் 'ஃபால்அவுட்' எடுத்துச் செலவழிக்கிறது. படம் ஒரு கனவோடு தொடங்குகிறது. அந்தக் கனவில் நிற்கும் பெண் யார், அங்கே பேசுபவர் யார் என்று தெரியாதவருக்கு அது புரியாத ஒரு முன்னுரை மட்டுமே. சற்று நேரத்தில் பெர்லினில் ஈதன் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: கையில் புளூட்டோனியம், எதிரில் துப்பாக்கி முனையில் லூதர். படத்தின் மொத்தக் கதையும் அந்த ஒரு முடிவின் விளைவு. லூதரை 1996 முதல் அறிந்தவருக்கு ஈதன் செய்வதைத் தவிர வேறு வழியே தோன்றாது. லூதரை அப்போதுதான் பார்க்கிறவருக்கு, ஒருவருக்காக இலட்சக்கணக்கானோரைப் பணயம் வைக்கும் பொறுப்பற்ற நாயகனாகத்தான் ஈதன் தெரிவார். படத்தின் நடுவே லூதர் கண்கலங்க ஈதனின் கடந்த காலத்தைப் பற்றி, ஐந்தாவது படத்தில் அறிமுகமான உளவாளி இல்சாவிடம் பேசும் ஒரு சிறிய காட்சி உண்டு. குண்டில்லை, துரத்தல் இல்லை. இரண்டு பேர் நின்று பேசுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த இடங்களில் ஒன்று அது. புதியவருக்கு அது அடுத்த சண்டை வரும்வரை காத்திருக்கும் இடைவெளியாகவே போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. உச்சத்தைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிப் போனால் 1996-இன் படம் மெதுவாகத் தோன்றும். அது அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம்.

கோஸ்ட் புரோட்டோகால் என்னும் எளிய வாசல்

ஒரே ஒரு மாலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது, தொடரைப் பின்தொடர்வோமா என்பதே உறுதியில்லை என்றால், இதைத் தேர்ந்தெடுங்கள். 2011-இல் வெளியானது. அனிமேஷன் படங்களில் பெயர் பெற்ற பிராட் பேர்ட், நடிகர்களை வைத்து இயக்கிய முதல் படம். கார்ட்டூனில் ஒரு காட்சியை எப்படிக் கோட்டுக்குக் கோடு திட்டமிடுவார்களோ அந்தத் தெளிவு இதில் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறார்கள், எது எதற்கு எவ்வளவு தூரம் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது.

துபாயின் 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் வெளிச்சுவரில் டாம் குரூஸ் ஏறும் காட்சியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மையாகவே அந்தக் கட்டடத்தில், பாதுகாப்புக் கம்பிகளோடு தொங்கி நடித்தார். கம்பிகளைப் பிறகு கணினியில் அழித்தார்கள். ஆனால் அந்தக் காட்சியைவிட, அதைத் தொடர்ந்து வரும் விடுதிக் காட்சியை நான் அதிகம் ரசிக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு தளங்களில், இரண்டு அறைகளில், ஒரே நேரத்தில் இரண்டு போலிச் சந்திப்புகள். விற்பவரிடம் வாங்குபவர்களைப் போலவும், வாங்குபவரிடம் விற்பவரைப் போலவும் குழுவினர் நடிக்க வேண்டும். முகமூடி செய்யும் இயந்திரமோ அப்போது பார்த்துப் பழுதாகிவிடுகிறது. வெறும் முகத்தோடு போய் உட்காருகிறார்கள். இந்தப் படம் முழுக்கவே கருவிகள் காலை வாருகின்றன. சுவரில் ஒட்டும் கையுறை ஒன்று பாதியில் செயலிழக்கிறது. தானாக அழிய வேண்டிய தகவல் கருவி அழியாமல் நிற்கிறது. கருவி கைவிடும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இதன் சுவை. அதனால்தான் குழு என்ற உணர்வு இந்தத் தொடரில் முழுமையாக வந்த முதல் படம் இதுவாக இருக்கிறது.

முன்கதை தெரியாமலே இதைப் பார்க்கலாம் என்பது பெரும்பாலும் உண்மை. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், ஈதனின் மனைவிக்கு என்ன ஆனது என்ற கேள்வி படத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது படத்தைப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி உங்களை உறுத்தும். பார்க்காவிட்டால் அது யாரோ ஒருவரைப் பற்றிய தகவல். படம் ரசிக்கும்படிதான் இருக்கும். இறுதிக் காட்சியின் கனம் மட்டும் குறையும். ஒரே மாலை மட்டுமே உள்ளவருக்கு இந்த இழப்பு பரவாயில்லை.

மெக்குவாரியின் நான்கு மட்டும் போதுமா?

காகிதத்தில் பார்த்தால் நேர்த்தியான யோசனை. ஒரே இயக்குநர், தொடர்ச்சியான கதை, பெருகிக்கொண்டே போகும் சாகசம். 'ரோக் நேஷன்' 2015, 'ஃபால்அவுட்' 2018, 'டெட் ரெக்கனிங்' 2023, 'தி ஃபைனல் ரெக்கனிங்' 2025.

இவற்றில் 'ரோக் நேஷன்' தனியாகவே நிற்கக்கூடிய அருமையான படம். தொடக்கத்தில் ஏர்பஸ் ஏ400எம் விமானத்தின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு டாம் குரூஸ் பறப்பதை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். படத்தின் உயிர் வேறோரிடத்தில் இருக்கிறது: வியன்னாவின் ஓபரா அரங்கில். மேடையில் புச்சினியின் 'துராந்தோத்' நடக்கிறது. மேலே, திரைகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, துப்பாக்கியோடு ஒருவருக்கும் மேற்பட்டோர். இசையின் குறிப்பிட்ட ஒரு சுரம் வரும்போது சுட வேண்டும் என்பது திட்டம். அந்த இடம் இசைக்குறிப்பில் வட்டமிடப்பட்டிருக்கிறது. நமக்கும் அது தெரியும். பாட்டு அந்தச் சுரத்தை நோக்கி ஏற ஏற நம் மூச்சும் ஏறுகிறது. மஞ்சள் உடையில் வரும் இல்சா ஃபவுஸ்ட்டாக ரெபெக்கா ஃபெர்குசன் அறிமுகமாகும் படம் இது. ஈதனுக்குச் சமமான ஒருவர், எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கடைசிவரை ஊகிக்க முடியாத ஒருவர், ஒரு காதல் காட்சிக்குக்கூடப் பயன்படுத்தப்படாத ஒரு நாயகி. இந்த வகைப் படங்களில் அது எவ்வளவு அரிது!

ஆக, இங்கே தொடங்கினால் முதல் படத்தில் ஏமாற்றம் இருக்காது. சிக்கல் முடிவில்தான் வருகிறது. எட்டாவது படம் தனக்குத் தேவையான கண்ணிகளை 1996-க்கும் 2006-க்கும் போய் எடுத்துவருகிறது. முதல் படத்தில் சில நிமிடங்களே வரும் ஒரு சிறு பாத்திரம், அதே நடிகரோடு 29 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறது. முதல் படத்தைப் பார்த்தவருக்கு அவரைக் கண்டவுடன் நெஞ்சு நிறையும். எனக்கு நிறைந்தது. மூன்றாவது படத்தில் எல்லோரும் துரத்திய, என்னவென்றே சொல்லப்படாத 'முயல் கால்' என்ற பொருளுக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. முந்தைய படங்களின் துணுக்குகளை வெட்டி ஒட்டிப் படமே நமக்கு நினைவூட்டுகிறது என்பது உண்மை. துணுக்கைப் பார்ப்பது தகவல் தரும். பழைய நண்பரைக் கண்ட உணர்வைத் தராது. தவிர, ஏழாவது படத்தில் ஹென்றி செர்னி நடித்த, ஈதனின் பழைய மேலதிகாரி கிட்ரிட்ஜ் மீண்டும் ஈதனுக்கு எதிரில் வந்து நிற்கிறார். முதல் படத்தில் பிராகாவின் உணவகத்தில் அவ்விருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதை அறிந்தவருக்கே அந்தச் சந்திப்பின் சூடு தெரியும்.

ஒருவேளை மெக்குவாரியின் படங்களில் சாகசக் காட்சிகளை மட்டுமே தேடுகிறீர்கள் என்றால் இந்த வழி உங்களுக்கு ஏற்றது. அதில் எந்தத் தவறும் இல்லை. நார்வேயின் மலை விளிம்பிலிருந்து மோட்டார் சைக்கிளோடு பாய்ந்து பாராசூட்டில் இறங்கும் காட்சியை, ஏழாவது படத்தின் முதன்மைப் படப்பிடிப்பின் முதல் நாளே எடுத்தார்கள். ஏதாவது நேர்ந்தால் மீதிப் படத்தை எடுப்பதில் அர்த்தமில்லை அல்லவா! எட்டாவதில், பறக்கும் பழங்கால இரட்டை இறக்கை விமானத்தின் இறக்கையில் அவர் தொங்குகிறார். இவற்றுக்கு முன்கதை தேவையில்லை.

முதலிலிருந்து பார்ப்பது

என் முடிவு இந்தப் பக்கம்தான் சாய்கிறது, ஒரு மாற்றத்தோடு.

1996-இன் முதல் படம் பிரையன் டி பால்மாவினுடையது. இன்றைய வேகத்துக்குப் பழகியவர்கள் இதை ஒரு ஆக்‌ஷன் படம் என்று எண்ணி உட்கார்ந்தால் திகைப்பார்கள். இது சந்தேகத்தின் படம். கேமரா சாய்ந்து நிற்கிறது. யாரும் சொன்னபடி இல்லை. துப்பாக்கிச் சூடு மிகக் குறைவு. ஆனால் சி.ஐ.ஏ. தலைமையகத்தின் அந்த வெள்ளை அறை! தரையில் எடை விழுந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை, கிசுகிசுப்பைத் தாண்டிய சத்தத்துக்கு ஒன்று, அறையின் வெப்பம் ஏறினால் ஒன்று. கூரையிலிருந்து கயிற்றில் தலைகீழாக ஈதன் இறங்குகிறார். பின்னணி இசை நின்றுவிடுகிறது. ஒரு வியர்வைத் துளி கண்ணாடியில் உருண்டு விளிம்புக்கு வருகிறது. இத்தனை கோடி டாலர் செலவழித்த ஒரு கோடைக்காலப் படம் நம்மை முழு அமைதியில் உட்காரவைத்து, ஒரு சொட்டு வியர்வையைப் பார்த்துப் பதறவைக்கிறது. தரையை ஒட்டிக் கிடைமட்டமாக நிற்கும் அந்தச் சமநிலை எளிதில் வரவில்லை. காலணிகளுக்குள் நாணயங்களைப் போட்டு எடையைச் சரிசெய்துதான் டாம் குரூஸ் அதை எட்டினார். அதற்குப் பிறகு உலகமெங்கும் எத்தனை படங்கள் அந்தக் கயிற்றுக் காட்சியை நகலெடுத்தன! மூலத்தை இன்னும் பார்க்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுக்கு அது இன்னும் காத்திருக்கிறது.

1966 முதல் 1973 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய மூலத் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டுமா என்று சிலர் தயங்குகிறார்கள். வேண்டாம். அங்கிருந்து உங்களுக்குத் தேவையானது லாலோ ஷிஃப்ரினின் அந்த இசை ஒன்றுதான். அது எட்டுப் படங்களிலும் தானே வந்துவிடும். நம் தாளக் கணக்கில் கண்டம் எனலாம், ஐந்து எண்ணிக்கை. தலைப்புக் காட்சியில் தீக்குச்சி உரசப்பட்டு திரி எரியத் தொடங்கும்போது அந்த ஐந்து எண்ணிக்கை ஒலித்தால் இப்போதும் நிமிர்ந்து உட்காருகிறேன். ஷிஃப்ரின் 2025 ஜூனில் மறைந்தார். கடைசிப் படம் வெளியாகிச் சில வாரங்களில்.

2006-இன் மூன்றாவது படத்தைப் பலரும் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தொலைக்காட்சியிலிருந்து வந்த ஜே.ஜே. ஆப்ராம்ஸ் இயக்கிய முதல் திரைப்படம். ஈதனுக்கு ஒரு வீடு, ஒரு காதல், இழக்கக்கூடிய ஒரு வாழ்க்கை உண்டு என்று முதன்முதலாகச் சொன்னது இதுதான். ஜூலியாவாக மிஷல் மோனகன் வருகிறார். தொடரில் அதன்பின் வந்த எல்லா உணர்ச்சிக்கும் வேர் இங்கே இருக்கிறது. வில்லன் ஓவன் டேவியனாக ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன். எட்டுப் படங்களில் அவரை நெருங்கும் வில்லன் இல்லை. குரலை உயர்த்துவதில்லை, தத்துவம் பேசுவதில்லை, உலகத்தை மாற்றும் கனவும் இல்லை. சரக்கு விற்கும் ஒரு மனிதர், குறுக்கே வந்தவர்கள் மீது சலிப்பு. படத்தின் முதல் காட்சியிலேயே அவர் பத்து வரை எண்ணுகிறார். கணினியில் செய்த எந்தப் பேரழிவும் அந்த எண்ணிக்கை தரும் பயத்தைத் தருவதில்லை.

மொழிமாற்றுப் பதிப்பில் பார்ப்பதா, அசல் குரலில் பார்ப்பதா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் படம்தான் விடை. வத்திக்கானில் நடக்கும் காட்சியில் ஈதன், டேவியனின் முகமூடியை அணிந்துகொள்கிறார். அந்த நொடியிலிருந்து ஹாஃப்மன், டேவியனின் தோற்றத்தில் இருக்கும் ஈதனாக நடிக்க வேண்டும். நடையும் கண்களும் பேச்சின் அவசரமும் மாறுகின்றன. வேறொருவர் குரல் கொடுத்தால் இதில் பாதி போய்விடும். மற்ற படங்களை உங்களுக்கு வசதியான மொழியில் பாருங்கள். இதை மட்டும் துணைத்தலைப்போடு அசலில் பாருங்கள்.

இந்த வரிசையில் வந்தால் அடுத்து 'கோஸ்ட் புரோட்டோகால்' இறுதிக் காட்சி தன் முழுக் கனத்தோடு வந்து சேரும். அதன்பின் 'ரோக் நேஷன்', உடனே 'ஃபால்அவுட்'. இவ்விரண்டுக்கும் நடுவே நாள்களை விடாதீர்கள். ஐந்தாவது படத்தின் வில்லன் சாலமன் லேன் ஆறாவதிலும் தொடர்கிறார். அவருடைய வெறுப்பு நினைவில் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும். பெரிய திரையில் மறுவெளியீடு ஏதாவது கிடைத்தால், நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் அதைச் செலவிடுங்கள். புர்ஜ் கலீஃபாவின் சன்னலைத் திறந்து கேமராவும் ஈதனோடு வெளியே வரும் இடம் ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டது. வீட்டுத் திரையில் அதன் உயரம் நிச்சயமாகக் குறையும்.

அப்படியானால் இரண்டாவது படம்?

நான் சொன்ன மாற்றம் இதுதான். 2000-இல் ஜான் வூ இயக்கிய இரண்டாவது படத்தை அதன் இடத்தில் பார்க்க வேண்டியதில்லை. முதல் படத்தின் பதற்றத்துக்கு அடுத்து இதைப் போட்டால் வேறொரு தொடருக்குள் வந்துவிட்டது போல இருக்கும். குழு ஒதுங்கி நிற்கிறது, ஈதன் தனிநாயகனாகிவிடுகிறார், முகமூடிகள் அளவுக்கு மீறி வருகின்றன. புதியவர்கள் பாதியில் விட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். இதன் கதை பின்னால் வரும் எந்தப் படத்துக்கும் தேவையில்லை. தண்டி நியூட்டன் நடித்த நாயகி பாத்திரமும் அடுத்த படங்களில் வருவதில்லை. தள்ளிவைத்தால் எந்தக் கண்ணியும் அறுந்துபோகாது.

தள்ளிவைக்கத்தான் சொல்கிறேன், விட்டுவிட அல்ல. ஜான் வூவின் புறாக்களையும், மெதுவாக விரியும் தீயையும், நடனம்போல் சுழலும் மோட்டார் சைக்கிள்களையும் நேசிக்கிறவன் நான். ஈதனின் கண்ணுக்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தி வந்து நிற்கும் காட்சியில் இருப்பது உண்மையான கத்தி. அளந்து கட்டிய கம்பி அதைப் பிடித்து நிறுத்தியது. யூட்டா மாநிலத்தின் செம்பாறைகளில் ஏறும் அந்தத் தொடக்கக் காட்சிதான், நாயகனே தன் உடலைப் பணயம் வைப்பான் என்ற இந்தத் தொடரின் வாக்குறுதி முதன்முதலாக உரக்கச் சொல்லப்பட்ட இடம். வூவின் படத்தை அதன் சொந்த அழகுக்காக, வேறு எதையும் எதிர்பார்க்காமல் பார்க்க வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் 'ஃபால்அவுட்'டுக்குப் பிறகு.

ஏன் அங்கே? 'ஃபால்அவுட்'டின் உச்சக்கட்டம் ஒரு மலை விளிம்பில் முடிகிறது. ஐம்பதைத் தாண்டிய, அடிபட்ட, மூச்சு வாங்கும் ஈதன் பாறையைப் பிடித்துத் தொங்குகிறார். மறுநாள் இரண்டாவது படத்தைப் போட்டால், எந்தக் கவலையும் இல்லாமல் வெயிலில் பாறையேறும் 37 வயது மனிதர் திரையில் இருப்பார். அந்தப் பாறைக்கும் இந்தப் பாறைக்கும் நடுவே கடந்துபோன காலம் முழுவதையும் உங்களால் அப்போது பார்க்க முடியும். 2000-இல் திரையரங்கில் அதைப் பார்த்தவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இது. தவிர, ஏழாவதும் எட்டாவதும் இருண்ட படங்கள். இழப்புகள் அதிகம். அவற்றுக்குள் போகும் முன் இப்படி ஒரு வெளிச்சமான படம் தேவைப்படுகிறது.

கடைசி இரண்டை அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். ஏழாவது, இரண்டு பாகங்களில் முதல் பாகமாகத்தான் வெளியானது. கதை பாதியில் நிற்கும். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். எட்டாவது படத்தின் முதல் ஒரு மணி நேரம் நினைவூட்டல்களால் மெதுவாகத்தான் நகரும். அந்த இடத்தில் எழுந்துவிடாதீர்கள். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஈதன் தனியாக இறங்கும் நீண்ட காட்சி அதற்கு அப்பால் இருக்கிறது. அங்கே வசனம் ஏறக்குறைய இல்லை, குழு இல்லை. கப்பல் உருள, நீர் ஏற, டார்பிடோ குண்டுகள் சரிய, ஒரே ஒரு மனிதர் வழி தேடுகிறார். 1996-இன் வெள்ளை அறையைப் பார்த்தவர் அது எங்கிருந்து வந்தது என்று உடனே கண்டுகொள்வார்.